தினமும் ராத்திரி நிலவாகைப் பொடி குடிக்கலாமா? எத்தனை நாள்?

கீழக்கரை_மகள்:

எல்லோருக்கும் ஸலாம், வணக்கம். உம்மாவுக்கு வயது 64. சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. காலில் நீர் கோர்ப்பதால் நீர் பிரிகிற மாத்திரையும் டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். மலச்சிக்கல் பல வருஷமாகவே இருக்கிறது. நோன்புக்கு முன்னால் யாரோ ஒரு வீடியோ அனுப்பினார்கள். அதைப் பார்த்ததிலிருந்து தினமும் ராத்திரி சனா மக்கிப் பொடி, அதாவது நம்ம நிலவாகைப் பொடி, குவியலாக ஒரு ஸ்பூன் எடுத்து வெந்நீரில் கலந்து குடிக்கிறார்கள். இப்போது பக்ரீதும் முடிந்துவிட்டது, இன்னும் நிறுத்தவில்லை. முதலில் நன்றாகக் கேட்டது. இப்போது ஒரு ஸ்பூன் போதவில்லை என்று ஒன்றரை போடுகிறார்கள்.

"நம்ம மண்ணில் விளைகிற இலை, நபிமொழியிலேயே வந்த இலை, இது என்ன கெடுதல் செய்துவிடும்" என்பது அவர்கள் பதில். எனக்கு மனசு ஒப்பவில்லை. கொஞ்ச நாளாக ராத்திரியில் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது. மாடிப்படி ஏறினால் சோர்ந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். இதற்கும் இலைக்கும் சம்பந்தம் இருக்குமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சாயல்குடி_கரிசல்:

தங்கச்சி, உடம்பு விஷயத்தை டாக்டர்கள் சொல்லட்டும். இலை எங்கள் பிழைப்பு, அதைப் பற்றி நான் சொல்கிறேன்.

சாயல்குடி, கடலாடி, பெருநாழிப் பக்கம் மானாவாரியில் இதைப் போடுகிறோம். ஊருக்குள் அவுரி என்போம், வியாபாரி சென்னா என்பார். தலைக்குச் சாயம் போடுகிற நீலி அவுரி வேறு செடி. கடையில் வெறுமனே "அவுரிப் பொடி" என்று கேட்டு வாங்கி மாற்றிக் குடித்துவிடாதீர்கள். புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பி விதைப்போம். வறட்சி தாங்கும், ஆனால் காலடியில் தண்ணீர் நின்றால் செடி போய்விடும். ஆடு மாடு வாய் வைக்காததால் காவலுக்கு ஆள் வேண்டாம்.

பறித்த பிறகுதான் வேலையே. நிழலில் மெல்லிசாகப் பரப்பி, கிளறிக் கிளறி விட்டு, ஒரு வாரம் பத்து நாள் காயவைக்க வேண்டும். இளமஞ்சள் கலந்த பச்சையில், கையில் அள்ளினால் மொடமொடவென்று இருந்தால் சரக்கு நல்ல சரக்கு. நடுவில் ஒரு தூறல் விழுந்தாலும் இலை கறுத்துவிடும், விலை விழுந்துவிடும். மூட்டை பிடிக்கும்போது பெண்கள் முகத்தைச் சுற்றித் துணி கட்டிக்கொள்வார்கள். அந்தத் தூசி மூக்கில் ஏறினால் தும்மல் நிற்காது, சிலருக்கு மூச்சிழுப்பே வந்துவிடும். அங்கிருந்து தூத்துக்குடி போய், கப்பலேறி, வெளிநாட்டில் மாத்திரையாகவும் டீ பாக்கெட்டாகவும் ஆகிறது. உலகச் சந்தையில் இதற்குத் திருநெல்வேலி சென்னா என்று பெயர். நம்ம ராமநாதபுரம் சீமை இலையும் அந்தப் பெயரில்தான் போகிறது.

எங்கள் அப்பத்தா வீட்டுப் பிள்ளைகளுக்குப் பேதிக்குக் கொடுக்கும். வருஷத்தில் ஒன்றிரண்டு நாள், அவ்வளவுதான். அன்றைக்கு வேலை இல்லை, வெளியே போகக்கூடாது, ரசம் சோறும் மோரும்தான். இலையைப் பறித்தே வாழ்கிற எங்கள் ஊரில் இதைத் தினமும் குடிக்கிறவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

பாம்பன்_காற்று:

ஆளாளுக்குப் பயமுறுத்தாதீர்கள். நான் குடித்துக்கொண்டுதான் இருக்கிறேன். குடல் ஓரத்தில் பல வருஷக் கழிவு ஒட்டிக்கொண்டு கிடக்கிறது, இந்த இலைதான் அதைக் கழுவி எடுக்கும். எடையும் மூன்று கிலோ குறைந்திருக்கிறது. வெள்ளைக்காரன் நம்ம இலையைக் கப்பலில் வாங்கிக்கொண்டு போய் மருந்து செய்கிறான், நமக்கு மட்டும் ஆகாதா? அதோடு மூலிகையில் பக்கவிளைவு கிடையாது.

மண்டபம்_சித்தமருத்துவர்:

முதலில் கீழக்கரைத் தங்கைக்கு. இன்றைக்கு ராத்திரியிலிருந்து பொடியை நிறுத்துங்கள். நாளைக்கே உம்மாவை அவர்களுடைய டாக்டரிடம் அழைத்துப் போய், மூன்று மாதத்துக்கு மேலாக நிலவாகை சாப்பிடுகிறார்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். ரத்தத்தில் பொட்டாசியம், சோடியம், சிறுநீரக வேலையைக் காட்டும் கிரியேட்டினின் மூன்றையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். நீர் மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

ஏன் இவ்வளவு அவசரம் என்றால், நீர் பிரிகிற மாத்திரைகளில் பல, சிறுநீர் வழியாகப் பொட்டாசியத்தை வெளியேற்றும். நிலவாகை மலத்தோடு தண்ணீரையும் பொட்டாசியத்தையும் வெளியேற்றும். இரண்டு பக்கமும் கசிந்தால் உடம்பில் பொட்டாசியம் குறையும். கெண்டைக்கால் இழுப்பு, தசைத் தளர்ச்சி, சோர்வு என்று அது முதலில் காட்டும். மேலும் குறைந்தால் இதயத் துடிப்பே தாறுமாறாகும். இதயத்துக்கு டிகாக்ஸின் மாத்திரை எடுப்பவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். உம்மாவுக்கு இதுதான் என்று நான் இங்கிருந்து சொல்ல முடியாது. ஆனால் பார்க்காமல் விடக்கூடாது.

இனி இலையைப் பற்றி. இது நல்ல மருந்து. அதில் எனக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை. ஆயுர்வேதத்தில் ஸ்வர்ணபத்ரி, யுனானியில் சனா, எங்களிடம் நிலவாகைச் சூரணம். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் சென்னா இருக்கிறது. இலையில் சென்னோசைடு என்ற பொருள்கள் உண்டு. இரைப்பையிலும் சிறுகுடலிலும் அவை பெரிதாக எதுவும் செய்வதில்லை. பெருங்குடலுக்குப் போனதும் அங்குள்ள கிருமிகள் அவற்றை உடைத்து வீரியமுள்ள பொருளாக மாற்றும். அது குடலைத் தூண்டி அசைய வைக்கும், தண்ணீரைக் குடல் உறிஞ்சிக்கொள்ளாமல் தடுக்கும். இந்தப் பயணத்துக்கு 6 முதல் 12 மணி நேரம் ஆகும். அதனால்தான் ராத்திரி குடித்தால் காலையில் கேட்கிறது.

அளவைக் கவனியுங்கள். நல்ல இலையில் சென்னோசைடு நூற்றுக்கு இரண்டரைப் பங்கு என்று வைத்தால் ஒரு கிராம் பொடியில் 25 மில்லிகிராம். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 15 முதல் 30 மில்லிகிராம் போதும். குவியலாக ஒரு ஸ்பூன் என்றால் மூன்று கிராம் வரை வரும், ஒன்றரை ஸ்பூன் என்றால் நான்கரை. அதாவது நூறு மில்லிகிராமைத் தாண்டிவிட்டது. மாத்திரை என்றால் அட்டையைப் பார்த்து எண்ணுகிறோம், பொடி என்றால் கை போன போக்கில் அள்ளுகிறோம். "முன்பு ஒரு ஸ்பூன் கேட்டது, இப்போது ஒன்றரை வேண்டியிருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்திலேயே நிறுத்தியிருக்க வேண்டும்.

நாள் கணக்கு: தொடர்ந்து ஒன்றிரண்டு வாரத்துக்கு மேல் மருத்துவர் சொல்லாமல் எடுக்கக்கூடாது. இது நவீன மருத்துவம் மட்டும் சொல்வதும் அல்ல. தேரையர் சித்தரின் நோயணுகா விதி என்ற பாடலில் பேதி மருந்துக்குச் சொன்ன இடைவெளி நான்கு மாதம். நம் மரபு பேதியை அடிக்கடி எடுக்கும் பொருளாக வைக்கவே இல்லை.

பாம்பன் தம்பிக்கு: குடல் ஓரத்தில் வருஷக்கணக்கில் எதுவும் ஒட்டிக்கொண்டு கிடப்பதில்லை. குடலின் உள்தோல் சில நாளுக்கு ஒருமுறை தானாகவே உதிர்ந்து புதிதாகிறது. எடை குறைந்தது தண்ணீர். சாப்பாட்டின் சத்து சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடும், இலை வேலை செய்வது அதற்கு அப்புறம் வரும் பெருங்குடலில். கொழுப்பு ஒரு கிராம்கூட இதனால் கரையாது. பக்கவிளைவு இல்லை என்கிறீர்கள். விளைவு உள்ள எந்தப் பொருளுக்கும் பக்கவிளைவு உண்டு தம்பி, இது விளைவு நன்றாகவே உள்ள இலை.

தங்கச்சிமடம்_நர்ஸ்:

டாக்டரம்மா சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். நெஞ்சு படபடப்பு, துடிப்பு விட்டு விட்டு அடிப்பது, மயக்கம் வருவது போல் இருப்பது, இதில் ஏதாவது ஒன்று இருந்தால் காலை வரை காத்திருக்க வேண்டாம். அவசரப் பிரிவுக்குப் போய் ஈசிஜி எடுத்துவிடுங்கள். போகும்போது மருந்துச் சீட்டோடு அந்தப் பொடி டப்பாவையும் கொண்டுபோங்கள். "என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்" என்று கேட்டால் நம் ஆட்கள் நாட்டு மருந்தைச் சொல்வதே இல்லை. அது மருந்துக் கணக்கிலேயே வராது என்று நினைக்கிறார்கள்.

தொண்டி_காக்கா:

தங்கச்சி, உம்மாவிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள். சனா பற்றிய நபிமொழியை நானும் படித்திருக்கிறேன். திர்மிதீ என்ற ஹதீஸ் தொகுப்பில் வருகிறது. நபித்தோழி அஸ்மா பின்த் உமைஸ் அவர்களிடம் "வயிறு இளகுவதற்கு எதை எடுக்கிறீர்கள்" என்று நபியவர்கள் கேட்கிறார்கள். அவர் ஷுப்ரும் என்ற ஒன்றைச் சொல்ல, அது கடுமையானது என்கிறார்கள். அப்புறம் அவர் சனாவை எடுத்ததாகச் சொன்னபோதுதான் அதைச் சிறப்பித்துப் பேசுகிறார்கள். ஆகப் பேச்சே வயிறு கழிவதற்கான மருந்தைப் பற்றியது, கடுமையானதை விட்டு இதமானதை எடுப்பது பற்றியது. தினமும் குடியுங்கள் என்று அதில் எங்கேயும் இல்லை. 2020ல் கொரோனா வந்தபோது பாகிஸ்தானில் சனா மக்கி குடித்தால் நோய் போய்விடும் என்று கிளப்பிவிட்டு, இலை விலை எங்கேயோ போனது. ஹதீஸின் பெயரைச் சொல்லி வியாபாரம் செய்வதைப் பார்த்தால் மனசு வலிக்கிறது. உம்மா நல்ல எண்ணத்தில்தான் குடிக்கிறார்கள், கோபப்படாமல் சொல்லுங்கள்.

கீழக்கரை_மகள்:

எல்லோருக்கும் நன்றி. போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். பொட்டாசியம் 3.1 வந்திருக்கிறது. 3.5க்குக் கீழே போகக்கூடாதாம். ஈசிஜி சரியாக இருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். பொட்டாசியத்துக்கு ஒரு சிரப் கொடுத்து, நீர் மாத்திரையையும் டாக்டரே மாற்றி எழுதியிருக்கிறார். ஒரு வாரத்தில் மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும். தொண்டிக் காக்கா எழுதியதை உம்மாவிடம் அப்படியே வாசித்துக் காட்டினேன். ஒன்றும் பேசவில்லை. ஆனால் அன்று ராத்திரி ஸ்பூனை எடுக்கவில்லை.

இப்போது வேறு கவலை. மூன்று நாளாக வயிறு போகவில்லை. "பார்த்தாயா, இலை இல்லாமல் ஆகாது" என்கிறார்கள். என்ன செய்வது?

மண்டபம்_சித்தமருத்துவர்:

நல்ல வேளை, சரியான நேரத்தில் போனீர்கள். தூண்டித் தூண்டிப் பழக்கிய குடல், நிறுத்தியதும் சில நாள் மந்தமாகத்தான் இருக்கும். பயப்பட வேண்டாம். உங்கள் டாக்டரிடம் சொன்னால் மலத்தை இளக்கும் வேறு வகை மருந்து கொஞ்ச நாளைக்குக் கொடுப்பார். இசப்கோல் உமியும் நல்லதுதான். ஆனால் அதை முழு டம்ளர் தண்ணீரோடுதான் எடுக்க வேண்டும், தண்ணீர் குறைந்தால் அதுவே அடைத்துக்கொள்ளும். மற்ற மாத்திரைகளிலிருந்து இரண்டு மணி நேரம் தள்ளி எடுக்கட்டும். கால் வீக்கம் இருப்பதால் ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்பதையும் டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்தக் கரையில் மலச்சிக்கல் ஏன் இவ்வளவு அதிகம் என்று நான் அடிக்கடி யோசிப்பேன். கிணற்றில் உப்பு, குடிக்கிற தண்ணீர் குடத்துக்குக் காசு. கீரைப்பாத்தி போடத் தண்ணீர் கிடையாது, காய்கறி வெளியூரிலிருந்து வர வேண்டும். மூன்று வேளையும் அரிசிச் சோறு, மீன் குழம்பு. மீன் அருமையான சாப்பாடு, ஆனால் அதில் நார் இல்லை. வெயிலில் வியர்த்துக் கொட்டுகிறது, குடிக்கும் தண்ணீரோ கம்மி. இதை மாற்றாமல் இலையை மட்டும் குடித்தால் இலைதான் செலவாகும். வாரத்தில் நான்கு நாள் முருங்கைக்கீரை, வாழைத்தண்டு, அவரைக்காய், கொத்தவரங்காய். மூன்று வேளைச் சோற்றில் ஒரு வேளையைக் குதிரைவாலிக்கோ வரகுக்கோ மாற்றுங்கள், சர்க்கரைக்கும் கொஞ்சம் ஆறுதல். காலையில் சாப்பிட்டுக் கால் மணி நேரத்தில், வந்தாலும் வராவிட்டாலும், போய் உட்காரச் சொல்லுங்கள். சாப்பிட்டவுடன் பெருங்குடல் தானாகவே அசையும், அந்த நேரத்தை வீணாக்கக் கூடாது.

எதனால் சிக்கல் என்றும் பார்க்க வேண்டும். தைராய்டு குறைவு, இரும்புச் சத்து மாத்திரை, சில பிரஷர் மாத்திரைகள், நீண்ட நாள் சர்க்கரை, எல்லாமே காரணமாகலாம். மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, ஐம்பது வயதுக்கு மேல் திடீரென்று பழக்கம் மாறுவது, இவை இருந்தால் எந்தச் சூரணமும் வேண்டாம், நேரே பரிசோதனைக்குப் போங்கள்.

பாசிக்காரி_மகள்:

டாக்டரம்மா, தண்ணீர் கம்மி என்று சொன்னீர்களே, அதை இன்னும் கொஞ்சம் பேச வேண்டும். எங்கள் அம்மா கடல்பாசி எடுக்கப் போகிறவர். விடியும் முன்னே கிளம்பினால் இடுப்பளவு, கழுத்தளவு தண்ணீரில் மணிக்கணக்கில் நிற்க வேண்டும். ஒதுங்க இடம் கிடையாது, கூட ஆண்கள் இருக்கிற வள்ளம். அதனால் முந்தின நாள் ராத்திரியிலிருந்தே தண்ணீரைக் குறைத்துவிடுவார்கள், எங்கள் ஊரில் முக்கால்வாசிப் பெண்கள் அப்படித்தான். வயிறு கட்டிப்போய், விடுமுறை நாளில் இந்தப் பொடியைக் குடித்துப் படுத்துக்கிடப்பார்கள். மறுநாள் தலைசுற்றலோடு கடலுக்குப் போவார்கள். இவர்களிடம் தண்ணீர் குடி என்று சொல்வது சுலபம். கரையில் ஒரு கழிப்பறை கட்டிக் கொடுத்துவிட்டுச் சொன்னால் இன்னும் நன்றாக இருக்கும்.

மண்டபம்_சித்தமருத்துவர்:

நீங்கள் சொல்வது முழுக்க உண்மை. என்னிடம் வருகிற பாசிப் பெண்களில் நீர்க்கடுப்பு இல்லாதவர் குறைவு. பஞ்சாயத்துக் கூட்டத்தில் இதை நீங்களும் கேளுங்கள், நானும் எழுதிக் கொடுக்கிறேன். அதுவரை, திரும்பிக் கரையேறியதும் சொம்பு நிறைய நீராகாரம் குடித்துவிட்டு, படுக்கும் வரை தண்ணீரைப் பரவலாகக் குடிக்கச் சொல்லுங்கள். பேதியாகி உடம்பில் நீர் வற்றிய மறுநாள் கடலில் இறங்குவது கண்டிப்பாக வேண்டாம். மயக்கம் தண்ணீருக்குள் வந்தால் தூக்க ஆள் இருக்காது.

பாம்பன்_காற்று:

ஒரு சந்தேகம். எனக்குத் தெரிந்த ஒருவர் பல வருஷமாக இந்தப் பொடியை எடுக்கிறார். வேறு காரணத்துக்காக உள்ளே குழாய் விட்டுப் பார்த்தபோது குடல் கறுத்திருக்கிறது என்றார்களாம். அது புற்றுநோயா? அப்புறம், சிறுநீர் சிவப்பாகப் போகிறது, அதுவும் இதனால்தானா?

மண்டபம்_சித்தமருத்துவர்:

சென்னா போன்ற மருந்தை நீண்ட நாள் எடுத்தால் பெருங்குடலின் உள்பக்கம் பழுப்பாகவோ கறுப்பாகவோ நிறம் மாறும். மெலனோசிஸ் கோலை என்பார்கள். அது புற்றுநோய் இல்லை. மருந்தை நிறுத்தினால் மாதக்கணக்கில் மெல்ல மறையும். சிறுநீர் செம்பழுப்பாகப் போவதும் இந்த இலையால் வருவதுண்டு, அதனால் தீங்கில்லை. ஆனால் இலையை நிறுத்திய பிறகும் சிவப்பாக இருந்தால் ரத்தமா என்று பார்த்துவிட வேண்டும். அவரை நிறுத்தச் சொல்லுங்கள் தம்பி. நீங்களும்தான்.

நாட்டுமருந்துக்கடை_ராம்நாடு:

கடைக்காரன் என்ற முறையில் இரண்டு வார்த்தை. பொடியாக வாங்காதீர்கள், இலையாக வாங்கிப் பொடி செய்யுங்கள். பொடியில் என்ன கலந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. ஆவாரை இலையைக் கலப்பது பழைய வழக்கம். நல்ல நிலவாகை இலை ஈட்டி முனை மாதிரி நீண்டு கூராக இருக்கும். ஒன்றை எடுத்து அடிப்பக்கத்தைப் பாருங்கள், நடு நரம்புக்கு இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருக்காது, ஒரு பக்கம் கொஞ்சம் இறங்கியிருக்கும். கட்டி அமுக்கி வந்த சரக்கில் இலை மேல் குறுக்கே கோடு விழுந்திருக்கும், அது குறையில்லை. ஆவாரை இலை நுனி மொட்டையாக இருக்கும். கறுத்த இலை, பூசணம் பிடித்த வாடை, காம்பு நிறைய கிடப்பது, இதெல்லாம் வேண்டாம்.

தனி இலையைவிடக் கூட்டு மருந்து வயிற்றுக்கு இதம். பஞ்சசகாரச் சூரணத்தில் நிலவாகையோடு சுக்கு, சோம்பு, கடுக்காய், இந்துப்பு சேர்ந்திருக்கும். தனியாக எடுத்தால் வயிறு முறுக்கும், சுக்கும் சோம்பும் அதை அடக்கும். இதையும் நாள் கணக்கோடுதான் எடுக்க வேண்டும். எங்கள் கடையில் நூறு கிராம் கேட்டால் யாருக்கு, எதற்கு, வேறு என்ன மாத்திரை என்று கேட்டுத்தான் கொடுப்பேன். சிலர் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

சாயல்குடி_கரிசல்:

கடைக்காரண்ணே, நீங்கள் கேட்டுக் கொடுக்கிற மாதிரி எல்லாக் கடையிலும் கேட்டால் எவ்வளவு நன்றாக இருக்கும். இலை விற்றால்தான் எங்களுக்குக் காசு. இருந்தாலும் சொல்கிறேன், எங்கள் இலையைக் குடித்து ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போனார் என்று கேட்க எனக்குப் பொறுக்கவில்லை. மூட்டை எங்கள் கையை விட்டுப் போன பிறகு அது எத்தனை கை மாறுகிறது, பாக்கெட்டில் என்ன எழுதுகிறார்கள் என்பது எங்களுக்குத் தெரிவதே இல்லை. தினமும் ஒரு ஸ்பூன் என்று அச்சடித்து விற்கிற பாக்கெட்டையும் பார்த்திருக்கிறேன்.

ஏர்வாடி_தங்கை:

இழை முழுக்கப் படித்தேன். என் தங்கச்சிக்கு ஆறாவது மாதம். சத்து மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து வயிறு கல்லாக இருக்கிறதாம். மாமியார் இந்தப் பொடியைப் பாலில் கலந்து கொடுக்கலாம் என்கிறார். கொடுக்கலாமா? மூன்று வயதுப் பையனுக்கும் அதிலேயே ஒரு சிட்டிகை கொடுக்கலாம் என்கிறார்.

மண்டபம்_சித்தமருத்துவர்:

இருவருக்குமே வேண்டாம். கர்ப்பிணிகள் இதைத் தாங்களாக எடுக்கக்கூடாது. இரும்புச் சத்து மாத்திரையால் சிக்கல் வருவது சகஜம், அதற்காக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். கிராம சுகாதாரச் செவிலியரிடம் சொன்னால் வேளையை மாற்றியோ மாத்திரையை மாற்றியோ கொடுக்க டாக்டரிடம் கேட்டுச் சொல்வார். அதுவரை தண்ணீர், கீரை, கொய்யாப்பழம், ராத்திரி ஊறவைத்த உலர்திராட்சை. மிஞ்சிப்போனால் இசப்கோல், அதையும் செவிலியரிடம் கேட்டுவிட்டு.

மூன்று வயதுப் பிள்ளைக்கு நிலவாகை கூடவே கூடாது. குழந்தைக்கு மலத்தோடு நீர் சட்டென்று வற்றும். அந்த மலம் பட்ட இடத்தில் புட்டம் வெந்து கொப்பளித்துப் போன பிள்ளைகளும் உண்டு. பன்னிரண்டு வயதுக்குக் கீழே மருத்துவர் எழுதிக் கொடுக்காமல் யாருக்கும் கொடுக்காதீர்கள். டப்பாவைப் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள், மேலே பெயரை எழுதி ஒட்டிவிடுங்கள். சமையலறையில் மல்லித்தூள் டப்பாவுக்குப் பக்கத்தில் மட்டும் வைத்துவிடாதீர்கள்.